குமரிக் கடலோரம் கூடாரம் போட இடம் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. பொங்கல் கழிந்து மதுரையிலிருந்து எங்கள் ஆம்னி வேனில் கிளம்புகிறோம்: நான், மனைவி, ஒன்பது வயது மகள். வட்டக்கோட்டையில் தொடங்கி மணக்குடி, சொத்தவிளை, முட்டம், குளச்சல் வழியாகத் தேங்காய்ப்பட்டணம் வரை. மொத்தமே அறுபது, எழுபது கிலோமீட்டர்தான், ஆனால் ஐந்து நாள் எடுத்துக்கொள்ளப் போகிறோம். அவசரமே இல்லை. மகளுக்குக் கரைமடி, அதாவது கரையில் நின்றே இழுக்கிற பெரிய வலை, இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமாம்.

விடுதி வேண்டாம், காசு கொடுக்காமல் இரவில் கூடாரம் போட இடம்தான் தேடுகிறோம். அந்த மணல் மீனவர்கள் வலை உலர்த்தி, வள்ளம் ஏற்றி வைக்கிற இடம், அவர்களுடைய வாசல் மாதிரி. கேட்காமல் போய் இறங்க மனசு வரவில்லை. யாரிடம் அனுமதி கேட்பது முறை? ஊர்ப் பெரியவர்களிடமா, தேவாலயப் பங்கிலா, காவல் நிலையத்திலும் சொல்ல வேண்டுமா?

அப்புறம் கள்ளக்கடல். காற்றே இல்லாத நாளிலும் திடீரென அலை ஏறி வரும் என்பதால், எவ்வளவு தள்ளிப் படுத்தால் பயமில்லை என்று கரையில் வாழ்கிறவர்கள் சொன்னால்தான் நிம்மதி. முட்டத்தில் பாறைப் பக்கம் போக மாட்டோம். மணக்குடிக் காயலோரத் தென்னந்தோப்பில் யாராவது இடம் தருவார்களா? கழிப்பறை, குடிதண்ணீர் கிடைக்கும் இடமும் சொல்லுங்கள். குப்பையை வேனிலேயே திரும்பக் கொண்டுவந்துவிடுவோம்.