பிபிஆர் வாடகை வீடு: 'தீடாக் லெங்காப்'னு வருது, அவசர உதவி

செந்தூல்_அம்மணி: பிபிஆருக்கு (வருமானம் கம்மியானவங்களுக்கு அரசாங்கம் வாடகைக்கு விடற அடுக்குமாடி வீடு) ஆன்லைன்ல போட்டேன். 'தீடாக் லெங்காப்'னு, அதாவது விண்ணப்பம் முழுமையா இல்லன்னு வந்துருச்சு. என்ன குறையுதுன்னு போடல. எல்லாத்தையும் ஏத்திட்டேன். இருக்கற வீட்டை மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். யாராச்சும் சொல்லுங்க.

ஜிஞ்சாங்_மணி: கே.எல்லா (கோலாலம்பூர்), பக்கத்து மாநிலம் சிலாங்கூராம்மா? சம்பளம் எவ்வளவு? வீட்டுல எத்தனை பேரு? என்னென்ன ஏத்துனீங்க?

கோபுரம்: வாராவாரம் இதே கேள்வி. பழைய இழைகளைத் தேடிப் பார்த்தா விரல் தேஞ்சா போயிரும்? கே.எல் எல்லைக்குள்ள இருக்கற பிபிஆரை டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) நடத்துது. மாசம் 124 வெள்ளி (ரிங்கிட்), 700 சதுர அடி, மூணு ரூம். கே.எல்ல குடியிருக்கணும், இல்ல வேலை செய்யணும். ஐசி (அடையாள அட்டை) முகவரி 68100 பத்துமலைன்னா பெரும்பாலும் சிலாங்கூர்தான். அப்ப முதலாளிகிட்ட வேலை உறுதிக் கடிதம் வாங்குங்க. கம்பெனி சாப் (முத்திரை) இருக்கணும், கே.எல்ல வேலை செய்யற இடம் தெளிவா இருக்கணும்.

மீனா_சிகாம்புட்: எனக்கென்னமோ சம்பளச் சீட்டுதான்னு தோணுது. நிறைய பேரு கைக்கு வர்ற தொகையைப் பாரத்துல போட்டுடறாங்க. இபிஎஃப் (சேமநிதி) 11 சதவீதமும் சொக்சோவும் (தொழிலாளர் காப்புறுதி) பிடிக்கறதுக்கு முந்தின தொகையைத்தான் போடணும், ஓடியும் (ஓவர்டைம்) அதுல சேரும். பாரத்துல ஒண்ணு, மூணு மாசச் சீட்டுல வேற ஒண்ணுன்னா மாட்டிக்கும். கையில காசா சம்பளம் வாங்கறவங்க சத்தியப்பிரமாணக் கடிதம் வைக்கணும்.

பாலா_செராஸ்: கோயில் கல்யாணமா இருக்கும், பந்தயம் வேணும்னாலும் கட்டறேன். 1982 மார்ச் 1ல இருந்து பதிவிலாகாவுல பதிஞ்சாதான் கல்யாணம். தாலி கட்டுன போட்டோவை ஏத்தி என்ன பண்ண?

அண்ணன்_கடை: ஒய்பி (தொகுதி மக்கள் பிரதிநிதி) கடிதம் வைங்க, எல்லாம் நகரும்.

கோபுரம்: குறையற பாரத்தை ஒய்பி கடிதம் நிரப்பாது அண்ணே.

கிளாங்லாமா_ரூம்: பிபிஆர்லயே ஒரு வீடு இருக்கு. 650 வெள்ளி, பாரமே வேணாம். பிஎம் பண்ணுங்க.

மீனா_சிகாம்புட்: பண்ணாதீங்க அக்கா. உள்வாடகைக்கு விடறதே தப்பு. ஒப்பந்தம், கரண்டு, தண்ணி எல்லாம் அந்தாள் பேர்ல இருக்கும். சோதனை வந்தா வெளிய நிக்கறது நீங்க, டெப்பாசிட்டும் போச்சு.

கிளாங்லாமா_ரூம்: ஊர்ல எல்லாரும் செய்யறதுதான். காத்திருந்தா வீடு வருமா?

மீனா_சிகாம்புட்: வரிசை நீளமா இருக்கறதே உங்கள மாதிரி ஆளுங்க 124க்கு எடுத்து 650க்கு விடறதாலதான்.

அண்ணன்_கடை: லிப்ட் ஓடாத பிளாட்டுக்கு 650 வேறயா!

செந்தூல்_அம்மணி: சாரி, இப்பதான் பார்க்கறேன். நானும் ரெண்டு பிள்ளைங்களும். பதிவுக் கல்யாணம்தான். அவர் பிரிஞ்சு போய் 3 வருஷம். அதான் 'இபு துங்கால்'னு (தனித்து வாழும் தாய்) போட்டேன். ரவாங்ல அவர் பேர்ல வீடு இருக்கு.

கோபுரம்: இதை முதல்லயே சொல்லியிருந்தா பத்துப் பதில் மிச்சம்.

ஜிஞ்சாங்_மணி: தங்கச்சி, சிக்கல் அங்கதான். பிரிஞ்சு இருக்கறது வேற, விவாகரத்து வேற. கோர்ட் தீர்ப்பு இல்லாதவரை அவர் உங்க கணவர்தான். அவர் ஐசி, சம்பளச் சீட்டு கேப்பாங்க, ரவாங் வீடும் கணக்குல வரும். 'இபு துங்கால்'னு போட்டா விவாகரத்துப் பத்திரமோ இறப்புப் பத்திரமோ இருக்கணும். உங்ககிட்ட ரெண்டும் இல்ல.

அவர் சம்மதிச்சா விவாகரத்துக்குக் கூட்டு மனு போடலாம், பதிவிலாகா சமரசக் குழுவுக்குப் போகத் தேவையில்ல. சம்மதிக்கலன்னா முதல்ல அந்தக் குழுதான், 6 மாசம் வரை இழுக்கும். விட்டுட்டுப் போயிட்டார், இருக்கற இடமும் தெரியாதுன்னா அதுக்கு விலக்கு உண்டு. கோர்ட் குடுக்கற இடைக்காலத் தீர்ப்பு 3 மாசம் கழிச்சுதான் முடிவாகும். அந்த இறுதிச் சான்றிதழைத்தான் விண்ணப்பத்துல ஏத்தணும். இடைக்காலத் தீர்ப்பை ஏத்துனா மறுபடியும் திரும்பும். வக்கீலுக்குக் காசு இல்லன்னா ஜாபாத்தான் பந்துவான் குவாமானுக்கு (அரசாங்கச் சட்ட உதவி இலாகா) போங்க. வருமானம் பார்த்து எடுத்துப்பாங்க.

நடுவுல, பிரிஞ்சு இருக்கறதை பெசுருஹ்ஜாயா சும்பா (சத்தியப்பிரமாண ஆணையர்) முன்னாடி சத்தியப்பிரமாணமா எழுதி, மனு நம்பரோட கவுன்டர்ல காட்டி ஏத்துப்பாங்களான்னு கேளுங்க. 'இபு துங்கால்'ங்கறதை மட்டும் உடனே திருத்துங்க, பொய்த் தகவல்னு ஆயிட்டா மொத்தமா அடிபடும். இந்த வீட்டை நம்பி மாசக் கடைசிக்குத் திட்டம் போடாதீங்க. இப்போதைக்கு ஒரு ரூம் பாருங்க.

பாலா_செராஸ்: பதிவுக் கல்யாணமா… சரி சரி.

செந்தூல்_அம்மணி: குவாமான்ல செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிருக்காங்க. அவர் கையெழுத்துப் போடறேன்னுட்டார். நன்றி அண்ணே.

ஜிஞ்சாங்_மணி: அப்ப கூட்டு மனு, நல்லதாப் போச்சு. கல்யாணப் பத்திரம் அசல், பிள்ளைங்க சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), ரெண்டு பேர் ஐசி நகல் எடுத்துட்டுப் போங்க.