கேசட்டிலிருந்து டிவிடிக்கு: எனக்கு ஆன செலவு (இருவர் புனைபெயரில் எழுதிக்கொண்டது)

பழைய கேசட் எழுதியது:

வீட்டில் 8 விஎச்எஸ் வீடியோ கேசட்டுகள் இருந்தன. டிஸ்க் விலைதானே, எல்லாவற்றையும் டிவிடியில் ஏற்றிவிடலாம் என்று ரெக்கார்டரோடு உட்கார்ந்தேன். பணத்தைவிட நேரம்தான் அதிகம் போனது. கேசட் ஓடுகிற வேகத்தில்தான் பதிவாகும். 3 மணி நேர டேப் என்றால் 3 மணி நேரமும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். நடுவில் டேப் சிக்கிக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து.

4.7 ஜிபி டிஸ்க்கில் உயர்தரமான எக்ஸ்பி மோடில் 1 மணி நேரம் பிடிக்கும், நடுத்தரமான எஸ்பியில் 2, தரம் குறைந்த எல்பியில் 4. டிஸ்க்கை மிச்சம் பிடிக்க எல்பியில் போட்டேன். என் தம்பி மழையில் ஆடுகிற காட்சி வந்ததும் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது. டிவிடிக்குப் படத்தைச் சுருக்கும் முறையான எம்பெக்-2, அசையாத இடத்தைச் சிக்கனமாக எழுதிவிடும். மழையில் திரை முழுக்க மாறிக்கொண்டே இருக்கும், எல்பியின் பிட்ரேட் (ஒரு நொடிக்கு எழுதும் தரவின் அளவு) அதற்குப் போதாது. முதலில் அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூவில் ஐந்து நிமிடம் பதிந்து பார்த்திருந்தால் வீணான 5 டிஸ்க்கும் மிச்சம்.

அப்புறம் பைனலைஸ், அதாவது மற்ற பிளேயர்களிலும் ஓடும்படி டிஸ்க்கை முடித்து வைப்பது. அதைச் செய்யாமலே அக்காவுக்கு ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். அவள் பிளேயரில் ஓடவே இல்லை. "வெறும் டிஸ்க்கையா கொடுத்தே?" என்று போனில் கேட்டாள்.

மினி டேப் எழுதியது:

என்னிடம் இருந்தது மினிடிவி, கேம்கார்டரில் போடும் சின்ன டிஜிட்டல் டேப். ஒரு மணி நேரத்தைக் கணினியில் இறக்கினாலே 13 ஜிபி; அதை எம்பெக்-2வாக மாற்ற ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். 4.7 ஜிபி டிஸ்க்கைக் கணினி 4.38 என்று காட்டியதும் ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். கேபி, எம்பி, ஜிபி என்று ஒவ்வொரு படிக்கும் டிஸ்க் கம்பெனி 1000 என்று கணக்கிடும், என் கணினி 1024 என்று; அந்த வித்தியாசம்தான் அது.

ஒன்று சொல்ல வேண்டும் அண்ணா. ஜன்னலோரம் வைத்திருந்த என் டிஸ்க்குகள் சில வருடத்தில் கடைசிப் பகுதியில் நிற்க ஆரம்பித்தன. ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய டிவிடி-ஆரில் லேசர் எழுதுவது ஒரு சாயப் பூச்சின்மேல். வெயில் பட்டால் அது கெட்டுப்போகும். பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போவதால், ஓரம் கெட்டால் கடைசிக் காட்சிகள் போய்விடும். உங்கள் டிஸ்க்குகளில் கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள்.

பழைய கேசட் எழுதியது:

பார்த்தேன் தம்பி. இரண்டு டிஸ்க் நின்றுவிட்டது. மற்றவற்றை ஐஎஸ்ஓவாக (முழு டிஸ்க்கின் நகலும் ஒரே கோப்பாக) ஹார்ட் டிஸ்க்கில் போட்டாயிற்று. நல்லவேளை, கேசட்டுகளைத் தூக்கிப் போடவில்லை. மழைக் காட்சியை எக்ஸ்பியில் மறுபடி ஏற்றினேன். என் தம்பிக்குப் பின்னால் அம்மா துண்டோடு ஓடி வருகிறாள். எல்பி டிஸ்க்கில் அது தெரியவே இல்லை.