பேத்தி சுட்டால் மட்டும் குண்டு மேலே போகிறது

காட்பாடியில் வீட்டுக் கொல்லையில் மண் மூட்டை அடுக்கி, 10 மீட்டரில் 11 வயது பேத்திக்குக் குறி பார்த்துச் சுடப் பழக்குகிறேன். பழைய .177 (குண்டின் அளவு, அங்குலத்தில்) ஏர் ரைஃபிள், அதாவது காற்றுத் துப்பாக்கி; குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் வகை. மடக்குவது நான்தான், அவளுக்கு அந்த பலம் இல்லை. கண்ணாடி போடாமல் தொடவே விடமாட்டேன்.

மூன்று வாரமாக ஒரே தொல்லை. நான் கையில் பிடித்துச் சுட்டால் ஐந்து குண்டும் தீப்பெட்டி அளவுக்குள் அடங்குகிறது. அவள் மூட்டைமேல் வைத்துச் சுட்டால் நாலு விரற்கடை மேலே, அதுவும் சிதறி. திருகுகளை முறுக்கினேன், குழலைத் துடைத்தேன், பெல்லட்டும் (ஈயக் குண்டு) மாற்றியாயிற்று. குறி பார்க்கும் சைட்டை இறக்கினால் எனக்குத் தவறுகிறது. தோளில் வைக்கும் மரக்கட்டை அவள் கைக்கு நீளம்தான். அறுக்க மனசு வரவில்லை.

ஸ்பிரிங் துப்பாக்கியில் பிள்ளைகளைப் பழக்கியவர்கள் சொல்லுங்கள்: கோளாறு மூட்டையிலா, கட்டையின் நீளத்திலா?