மாஸ் எஃபெக்ட் 2: முதல் பாகம் முடித்துவிட்டேன், இரண்டாவது எப்படி?

கொட்டகலைப் பையன்:
வணக்கம். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறேன். மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளி வீடியோ கேமின் மூன்று பாகங்களும் சேர்ந்த லெஜண்டரி எடிஷன் வாங்கி, 120 ஜிபியையும் இரவு டேட்டாவில் பதினொரு ராத்திரி இறக்கினேன். முதல் பாகம் நேற்று முடிந்தது. மாக்கோ வண்டியில் ஆளில்லாத கிரகங்களைச் சுற்றியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாம் பாகத்தில் அந்த வண்டியும் இல்லை, சேர்த்து வைக்கச் சாமான்களும் இல்லை, வெறும் சுடுகிற கேம் ஆக்கிவிட்டார்கள் என்கிறான் நண்பன். வேறு சிலர் மூன்றிலும் இதுதான் சிறந்தது என்கிறார்கள். விளையாடிய அண்ணன்மார் கதையை உடைக்காமல் சொல்லுங்கள்.

தலவாக்கலை இரவு ஷிப்ட்:
தம்பி, உன் நண்பன் சொன்னது பொய்யில்லை. ஆனால் எடுத்ததை மட்டும் சொல்லியிருக்கிறான், கொடுத்ததைச் சொல்லவில்லை. நான் டீ பெக்டரியில் இரவு வேலை பார்க்கிறவன். இதை இதுவரை மூன்று தடவை முடித்திருக்கிறேன், மூன்றும் பகலில் தூங்க வேண்டிய நேரத்தில்.

இந்தக் கேமின் பலம் அதன் ஆட்கள். முதல் பாகத்தில் ஒரு பெரிய வில்லனைத் துரத்தினாய். இதில் பெரும்பாலான நேரம் ஆள் சேர்ப்பதிலேயே போகும். ஒவ்வொருவரையும் தேடிப் போய்ச் சேர்த்து, அவரவர் மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தைத் தீர்த்து வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் கடைசிப் பயணத்துக்குப் போனால் ஆட்கள் சாவார்கள், செத்தவர்கள் திரும்ப வர மாட்டார்கள். 2010-இல் இப்படி ஒரு முடிவை யோசித்ததற்கே கேமைச் செய்த பயோவேர்காரர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மோர்டின் என்று ஒரு டாக்டர் வருவார். மூச்சு விடாமல் பேசுவார், பார்த்தவுடன் பிடித்துப்போகும். க்ரோகன் என்ற வேற்றுக்கிரக இனம் பெருகாமல் இருக்கப் போட்ட ஜெனோஃபேஜ் என்ற உயிரியல் ஆயுதம் முதல் பாகத்திலேயே உனக்குத் தெரியும்: ஆயிரம் கருவில் ஒன்றுதான் உயிரோடு பிறக்கும். அது வலுவிழந்தபோது திரும்பப் பலப்படுத்திய கூட்டத்தில் இந்த மனிதரும் ஒருவர். அதை அவரே சீக்கிரம் சொல்லிவிடுவார். எத்தனை க்ரோகன் பிறந்தால் அண்டம் தாங்கும் என்று அவர் கணக்குச் சொன்ன இடத்தில் நான் கேமை நிறுத்திவிட்டேன். 1964-இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரான நம்மையும் இப்படித்தான் எண்ணினார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. எண்ணப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. என் தாத்தாவின் அண்ணன் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போனது, தாத்தா இந்தத் தோட்ட லயத்திலேயே இருந்துவிட்டார். இரண்டு பேரும் அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. மோர்டின் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நல்ல மனதுள்ள கெட்டிக்காரர் ஒருவர் ஒரு சனத்தை எண்ணிக்கையாகப் பார்த்தால் என்ன ஆகும் என்று க்ரோகன்களின் கிரகமான துச்சங்காவில் அவரோடு கூடவே நடந்து பார்க்கலாம்.

அப்புறம் குறைகள். முதலாவது கிரகங்களை ஸ்கேன் பண்ணுவது. மாக்கோவை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இதைத்தான் வைத்தார்கள். உருண்டையின் மேல் வட்டத்தை மெதுவாக நகர்த்தி, கோடு எழும்பும் இடத்தில் உலோகம் எடுக்கும் ஒரு ப்ரோபை விட வேண்டும், திரும்பவும் நகர்த்த வேண்டும். பலேடியமும் பிளாட்டினமும் இப்படித்தான் கிடைக்கும். கொழுந்து எடுக்கிற கைக்காவது பார்க்க மலை இருக்கிறது, இதில் அதுவும் இல்லை. விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியாது. உன் கூட்டத்து ஆட்களில் ஜேக்கப் கேட்கும் கப்பல் கவசம், காரஸ் கேட்கும் பீரங்கி, டாலி கேட்கும் ஷீல்ட் மூன்றுக்கும் அந்த உலோகங்கள் வேண்டும். அவற்றைப் போடாமல் போனால் வழியிலேயே ஆள் சாவான். உயிர் போகிற விஷயத்தை இவ்வளவு சலிப்பான வேலையில் கட்டி வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கூட்டத்தில் இன்னொருத்தியான மிராண்டாவிடம் ஸ்கேனரை வேகமாக்கும் அப்கிரேட் இருக்கிறது, அதை முதலில் வாங்கு.

இரண்டாவது, சண்டை நடக்கும்போது சேவ் பண்ண முடியாது. ஜூன், ஜூலைக் காற்றில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று உனக்கே தெரியும். ஒரே சண்டையை நான்கு தடவை முதலிலிருந்து அடித்திருக்கிறேன்.

வெலிமடை:
அண்ணன் சொன்ன ஆட்கள் விஷயம் சரி. ஆனால் துப்பாக்கியை ஏன் மாற்றினார்கள்? முதல் பாகத்தில் சூடு ஆறும்வரை காத்திருந்தால் போதும், தோட்டா தீராது. இதில் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும் தெர்மல் கிளிப் பொறுக்க வேண்டும். இரண்டே வருடத்தில் அண்டம் முழுவதும் பின்னோக்கிப் போனதா? கதைக்குள் ஒரு காரணம் சொல்கிறார்கள், எனக்கு ஒட்டவில்லை. இடமும் சுருங்கிவிட்டது. இடுப்பளவு சுவர்கள் வரிசையாகத் தெரிந்தால் அடுத்து சண்டை என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. எனக்கு இன்னமும் முதல் பாகம்தான்.

தலவாக்கலை இரவு ஷிப்ட்:
சுவர் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. துப்பாக்கியில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிளிப் தீரும்போதுதான் மறைவை விட்டு ஓடுகிறோம், அந்த ஓட்டம் முதல் பாகத்தில் இல்லை.

தம்பி, மறந்துவிட்டேன். முதல் பாகத்தின் சேவ் ஃபைலை எடுத்துத்தான் தொடங்க வேண்டும். புதிதாகத் தொடங்கி, முன்கதைக் காமிக்கிலும் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால், முதல் பாகத்தில் கூட வந்த க்ரோகன் ரெக்ஸ் செத்துவிட்டதாகவே கேம் எடுத்துக்கொள்ளும்.

பண்டாரவளை அக்கா:
இன்னொன்று தம்பி. கதை ஓரிடத்தில் உங்கள் கப்பல் ஆட்களைப் பறிக்கும். அதற்கு முன்பே எல்லாருடைய சொந்த வேலைகளையும் முடித்து வையுங்கள், பறித்த பிறகு உடனே கிளம்புங்கள். நான் முதல் தடவை சுற்றித் திரிந்துவிட்டுப் போனேன். தினமும் பேசிக்கொண்டிருந்த பிள்ளை ஒருத்தியை என் கண்முன்னே இழந்தேன்.

வண்டி ஆசைக்கு ஹாமர்ஹெட் என்று ஒன்று சில மிஷன்களில் வரும், உங்கள் எடிஷனில் அதுவும் சேர்ந்தே இருக்கிறது. வேகமாகப் போகும், ஆனால் கவசம் மெல்லியது.

கொட்டகலைப் பையன்:
எல்லாருக்கும் நன்றி. ரெக்ஸை விர்மையர் கிரகத்தில் பேசிச் சமாதானப்படுத்தியிருந்தேன், உயிரோடுதான் இருக்கிறார். சேவ் ஃபைலை இரண்டாக நகல் எடுத்து வைத்துவிட்டேன். இன்றைக்குக் காற்று பலமாக அடிக்கிறது, லைட் இரண்டு தடவை மினுங்கிவிட்டது. நாளை காலையில் தொடங்குகிறேன். துச்சங்கா வந்ததும் திரும்ப எழுதுகிறேன் அண்ணே.