‘கண்ணாடிப்பூண்டு’ வேண்டாம், ‘கணுவுமரி’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கடலோர உவர்ச்சேற்றில் வளரும் கிளாஸ்வோர்ட் (glasswort) என்னும் சலிகோர்ணியா (Salicornia) செடிக்குத் தமிழில் ‘கண்ணாடிப்பூண்டு’ என்று பெயரிடலாம் என நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். காரணம் நல்ல காரணம்தான். ஐரோப்பாவில் இந்தச் செடியை எரித்து, சாம்பலில் கிடைத்த சலவைச் சோடாவைக் கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் சேர்த்தார்கள். ஆனால் 1791இல் லெப்லாங் என்ற பிரெஞ்சுக்காரர் கறியுப்பிலிருந்தே சோடா எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அப்புறம் சாம்பல் தொழில் மெல்ல மெல்லப் படுத்துவிட்டது. படுத்துவிட்ட தொழிலின் பெயரைக் கொழும்பு வெள்ளவத்தையில் படிக்கும் பிள்ளை ஏன் மனனம் செய்ய வேண்டும்?

செடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். சதைப்பற்றான பச்சைத் தண்டு, கணுக்கணுவாக. இலையெல்லாம் செதிலாகச் சுருங்கித் தண்டோடு ஒட்டிக் கிடக்கும். பூக்கூடக் கணுவுக்குள் புதைந்துதான் இருக்கும். முற்றினால் செடி சிவக்கும். உறிஞ்சிய உப்பைக் கலங்களுக்குள் இருக்கும் புன்வெற்றிடங்கள் (vacuoles) என்னும் சிறு பைகளில் ஒதுக்கி வைப்பதால், மற்றச் செடிகள் கருகும் உவர்ச்சேற்றிலும் இது கொழுகொழுவென்று நிற்கிறது. இளந்தண்டை அவித்துப் பல்லிடுக்கில் வைத்து இழுத்தால் சதை கழன்றுவிடும், நடுநார் கையில் மிஞ்சும். உப்புப் போடவே தேவையில்லை.

‘உமரி’ என்ற சொல் நம் கரையோர மக்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் உமரிக்காடு என்று ஊரே உண்டு. சிக்கல் என்னவென்றால், கீரையாகச் சமைக்கும் சுவேடா (Suaeda) என்ற இன்னொரு செடியையும் உமரி என்றே சொல்கிறோம். சரி, அதற்கு ஓர் அடைமொழி போதுமே: சலிகோர்ணியா கணுவுமரி, சுவேடா இலையுமரி. சுவேடாவில் தடித்த சின்ன இலைகள் தனித்தனியே தெரியும் என்பதால் மாணவர் பார்த்தவுடன் பிரித்தறியலாம். மணற்கரைப் புல்லுக்கு இராவணன் மீசை என்று பெயரிட்டவர்களும் இப்படிக் கண்ணால் பார்த்துத்தான் இட்டார்கள்.

‘கடல் அஸ்பராகஸ்’ என்பது சலிகோர்ணியாவுக்கு ஹோட்டல்காரர் சொல்லும் பெயர், அதை விட்டுவிடலாம். அது வளரும் இடத்துக்குப் பெயராக ‘உவர்ச்சேற்று நிலம்’ என்பதே எனக்குப் போதுமாகப் படுகிறது.

மன்னார், புத்தளம், வேதாரணியம் பக்கத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி: செடி சிவந்து நிற்கும் பருவத்துக்கு உங்கள் ஊரில் தனிப்பெயர் உண்டா? வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கணுவுமரியைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.