ஃபார் ஆல் மேன்கைண்ட்: அஞ்சாவது சீசனுக்கு முன்னாடி மீதிய பாத்து முடிக்கணும், எதையாவது விட்டுட்டுப் போலாமா?

மூடுபனி (ஏற்காடு)

வணக்கம் மக்களே. நிலாவுல ரஷ்யாக்காரன் முதல்ல கால் வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு கற்பனை பண்ற சீரிஸ்தானே ஃபார் ஆல் மேன்கைண்ட், அதுல முதல் சீசன் 10 எபிசோடும் நானும் அப்பாவும் ஒண்ணா உக்காந்து பாத்தோம், அதுக்கப்புறம் காப்பிப் பழம் பறிக்கிற நேரம் வந்துருச்சு, வீட்ல ஒருத்தருக்கும் ராத்திரி கண்ண தொறக்க முடியல, அப்பிடியே விட்டுப்போச்சு. இப்ப அஞ்சாவது சீசன் வருதுன்னு சொன்னதுல இருந்து அப்பாதான் விடாம கேக்கறாரு, "எப்பம்மா மறுபடி போடுவ"ன்னு. அவரு ஸ்டீல் பிளாண்ட் ரோலிங் மில்லுல இருந்து ரிட்டையர் ஆனவரு. சந்திரயான்-2 ராக்கெட்டோட கிரையோஜெனிக் இன்ஜினுக்கு வேண்டிய ஸ்பெஷல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சேலத்துல ரோல் பண்ணதுன்னு பேப்பர்ல வந்தப்ப அந்தப் பக்கத்த வெட்டி பீரோ கதவுல உள்பக்கமா ஒட்டி வெச்சிருக்காரு, ராக்கெட்டுன்னா அவருக்கு சொந்த வீட்டு விசேஷம் மாதிரி.

பிரச்சனை என்னன்னா 2, 3, 4 சீசன் சேத்தா 30 எபிசோட், ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், அதுலயும் அப்பாவுக்கு வேகமா இங்கிலீஷ் பேசுனா புடிபடாது, நான் நடுவுல நிறுத்தி நிறுத்தி சொல்லணும், அப்ப ஒண்ணு முடிய ஒண்ணரை மணி நேரம். எங்க வீடு நாகலூர் பக்கம், மழை புடிச்சா நெட்டும் போகும் கரண்டும் போகும். முன்கதைய சுருக்கமா சொல்ற ரீகேப் வீடியோ ஒண்ண பாத்துட்டு நேரா அஞ்சாவது சீசனுக்குப் போனா கதை புரியுமா, இல்ல முக்கியமான எபிசோட் மட்டும் பொறுக்கிப் பாக்கலாமா? தயவுசெஞ்சு ரெண்டாவது சீசன்ல இருந்து யாரு சாகறாங்க யாரு இருக்காங்கன்னு மட்டும் சொல்லிராதீங்க.

அஸ்தம்பட்டி வாசகி

மூடுபனி கண்ணு, ரீகேப் வேண்டவே வேண்டாம். வேற எந்த சீரிஸுக்கு கேட்டிருந்தாலும் சரி பாத்துக்கோன்னு சொல்லியிருப்பேன், இதுக்கு மாட்டேன்.

ஏன்னா இந்தக் கதை ஒவ்வொரு சீசனுக்கும் பத்து வருஷம் தாவுது. முதல் சீசன் 1969ல ஆரம்பிக்குது, ரெண்டாவது 1983, மூணாவது 1992, நாலாவது 2003. அதே ஆளுங்கதான், அதே விண்வெளி வீரர் எட், அதே நாசா இன்ஜினியர் மார்கோ, அதே விண்வெளி வீராங்கனை டேனியல், ஆனா தலை நரைச்சு, கல்யாணம் முறிஞ்சு, புள்ளைங்க வளந்து எதுத்துப் பேச ஆரம்பிச்சு வர்றாங்க. ரீகேப்ல "இவரு இப்ப இந்தப் பதவியில இருக்காரு"ன்னு ஒரு வரி வரும், அந்தப் பத்து வருஷத்துல அந்த மனுஷன் எதை முழுங்கிட்டு வந்து அங்க நிக்கறாருன்னு அதுல வராது, அதுதான் இந்த சீரிஸே.

நீங்க பாத்த முதல் சீசன்லயே எடுத்துக்கோங்க. நிலாவுல இருக்கற ஜேம்ஸ்டவுன் முகாம்ல எட், கார்டோ, டேனியல்னு மூணு பேரு மாட்டிக்கறாங்க, திரும்பிப் போற தேதி தள்ளிக்கிட்டே போகுது, பாக்கறதுக்கு இருக்கறது ஒரே காமெடி சீரியல் டேப்பு, அதையே திரும்பத் திரும்ப போட்டு வசனத்த அவங்களே நடிச்சுக் காட்ட ஆரம்பிச்சர்றாங்க. கார்டோ மனசு ஒடைஞ்சு போறான். அது பூமிக்குத் தெரிஞ்சா இனிமே அவன பறக்கவே விட மாட்டாங்கன்னு டேனியல் தன் கையத் தானே ஒடச்சுக்கறா, எனக்குத்தான் அடி, நாங்க கீழ போகணும்னு சொல்றதுக்காக. கருப்பினப் பொண்ணு, அந்த இடத்துக்கு வர்றதுக்கே அவ பட்ட பாடு நமக்குத் தெரியும், அவளோட பேருதான் அடிபடும்னு தெரிஞ்சே செய்யறா. ரீகேப் வீடியோவுல இது வந்தாலும் மூணு செகண்டுதான் வரும். அந்த காமெடி சீரியல்ல இருந்து எடுத்து அந்த மூணு பேரும் சொல்லிக்கற "ஹாய் பாப்" பின்னாடி சீசன்லயும் வருது, அந்த தகர டப்பாக்குள்ள அவங்களோட கூட இருந்தவங்களுக்குத்தான் அந்த இடத்துல தொண்டை அடைக்கும். நீங்க ரெண்டு பேரும் இருந்திருக்கீங்க, அத வீணாக்காதீங்க.

இன்னும் ரெண்டு விஷயம். முதல் சீசன் கடைசி எபிசோட்ல பேரெல்லாம் ஓடி முடிஞ்சதுக்கப்புறம் ஒரு சீன் இருக்கு, நிறைய பேரு டிவிய அணைச்சிட்டுப் போயிர்றாங்க. நடுக்கடல்ல தண்ணிக்குள்ள இருந்து ஒரு பிரம்மாண்ட ராக்கெட் எழும்பும். நீங்க அத பாக்கலேன்னா முதல்ல அங்கிருந்து ஆரம்பிங்க. அப்பாவுக்கு சொல்லுங்க, அது வெறும் கற்பனை இல்ல, சீ டிராகன்னு 1962ல ராபர்ட் ட்ரூவாக்ஸ்னு ஒரு இன்ஜினியர் நெசமாவே போட்ட திட்டம், 150 மீட்டர் உயரம், கடல்ல மிதக்க விட்டு அங்கிருந்தே கிளப்பறதுதான் யோசனை, கட்டாமலே கைவிட்டாங்க.

ரெண்டாவது, ஒவ்வொரு சீசன் ஆரம்பத்துலயும் நடுவுல போன வருஷங்கள நியூஸ் துணுக்கு மாதிரி கடகடன்னு ஓட்டிக் காட்டுவாங்க. அப்பாவுக்காக நிறுத்தி நிறுத்தி சொல்றதுன்னா இங்க நிறுத்துங்க, மத்த இடத்துல கொஞ்சம் விட்டாலும் பரவால்ல. ஜான் லெனன் சுடப்பட்டும் பொழைச்சுக்கறாருன்னு ரெண்டாவது சீசன்ல போற போக்குல வரும், கண்ண சிமிட்டுனா போச்சு.

ரெண்டாவது சீசன் முதல் பாதி மெதுவாத்தான் போகும், வீடு, குடும்பம், ஆபீஸ் அரசியல்னு. பொறுத்துக்கோங்க. 9ம் 10ம் ஒரே ராத்திரியில பாருங்க, அதுக்கு மட்டும் மழை இல்லாத நாளா பாத்து வெச்சுக்கோங்க.

செவ்வாப்பேட்டைக்காரன்

அக்கா சொன்னது எல்லாம் சரிதான் ஆனா 30 எபிசோடையும் ஒண்ணு விடாம பாருன்னா தோட்ட வேலை பாக்கறவங்களுக்கு எப்பிடிங்க ஆகும், கொஞ்சம் நடைமுறைய பேசுவோம்.

முதல் விஷயம், அவசரமே இல்ல. ஆப்பிள் டிவில இது மொத்தமா ஒரே நாள்ல வராது, வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஒண்ணுதான். நாலாவது சீசன் 2023 நவம்பர் 10ல தொடங்கி 2024 ஜனவரி 12ல தான் முடிஞ்சுது. அதனால முதல் நாளுக்குள்ள முடிச்சே ஆகணும்னு இல்ல, புதுசு ரெண்டு மூணு வாரம் ஓடட்டும், நீங்க உங்க வேகத்துல வந்து சேந்துக்கலாம். அதுவரைக்கும் யூடியூப் பக்கம் மட்டும் போகாதீங்க, தம்ப்நெயில்லயே எல்லாத்தையும் ஒடச்சு வெச்சிருப்பானுங்க.

ரெண்டாவது, நெட்டு. சேலம் எறங்கும்போது யாரு வீட்லயாவது வைஃபைல ஆப்புக்குள்ளயே டவுன்லோட் போட்டுக்கோங்க, ஒரு வாரத்துக்கு வேண்டியத. டேப்லெட் இருந்தா நல்லது, போன் ஸ்கிரீன்ல சப்டைட்டில் படிக்க அப்பாவுக்கு கண்ணு வலிக்கும்.

மூணாவது, நான் அக்காவோட ஒத்துப்போகாத இடம். மூணாவது சீசன்ல ஒரு குடும்பத்துக் கதை ஒண்ணு இழுவையா இழுக்கும், யாருன்னு சொல்லல, பாக்க ஆரம்பிச்சா ரெண்டாவது எபிசோட்லயே நீங்களே புடிச்சிருவீங்க. அந்த சீன் வந்தா தாராளமா தள்ளி விடுங்க. ஆனா மூணாவது சீசனோட முதல் எபிசோட கண்டிப்பா பாருங்க, அப்பிடி ஒரு டென்ஷன நான் டிவில பாத்ததில்ல, கடைசி எபிசோடும் அப்பிடித்தான்.

அஸ்தம்பட்டி வாசகி

தம்பி, அந்தக் குடும்பத்துக் கதை எனக்கும் எரிச்சல்தான், இல்லேங்கல. ஆனா முதல் சீசன்ல சின்னப் புள்ளையா பாத்தவங்க பெருசாகி என்னவா ஆனாங்கங்கறதுதான் அது. அத தள்ளி விட்டுட்டா பெத்தவங்க பண்ணதுக்கு வெல யாரு குடுத்தாங்கன்னே தெரியாம போயிரும். பையன் செத்த சேதி நிலாவுல இருந்த எட்கிட்ட எப்பிடிப் போச்சு, எட் அங்க தனியா என்ன பண்ணான்னு முதல் சீசன்ல பாத்தோமே, அந்த வீடு அதோட சரியாயிடுமா என்ன? ஓட்டாம பாருங்க கண்ணு, சலிப்பா இருந்தா காப்பி போட்டுட்டு வந்து பாருங்க.

மேக்னசைட் வீட்டுப் பையன்

நாலாவது சீசன யாருமே பேசல, நான் பேசறேன், முதல் ஒண்ணு ரெண்டு எபிசோட்ல வர்றத மட்டும்தான் சொல்றேன் பயப்படாதீங்க. நிறைய பேரு இந்த சீசன் டல்லு, விண்வெளியவிட யூனியன் பேச்சுதான் ஜாஸ்தின்னு எழுதறாங்க. எனக்கு நாலுலயும் மனசுக்கு நெருக்கமானது இதுதான்.

மைல்ஸ்னு ஒருத்தன் வருவான், எண்ணெய் எடுக்கற வேலை பாத்தவன், அந்தத் தொழில் படுத்துருச்சு, குடும்பத்த விட்டுட்டு நல்ல சம்பளம்னு நம்பி செவ்வாய்க்கு வர்றான். வந்து பாத்தா சொன்ன வேலையே இல்ல, வேற எடுபிடி வேலை. விண்வெளி வீரங்க எல்லாம் மேல ஜன்னல் வெச்ச ரூம்ல, இவங்க கீழ்த்தளத்துல அடைசலா, ஒரே இடத்துல வேலை செய்யறாங்க ஆனா ரெண்டு உலகம். எங்க அப்பா மேக்னசைட் மைன்ஸ்ல இருந்தவரு, வீட்டுக்கு வந்தா முடி, புருவம், செருப்பு வாரு வரைக்கும் வெள்ளையா தூசி படிஞ்சிருக்கும், அம்மா வாசல்லயே தண்ணி வெச்சிருப்பாங்க. பர்மனென்ட் ஆளுக்கு ஒரு கேன்டீன் தட்டு, கான்ட்ராக்ட் ஆளுக்கு வேறன்னு அவரு சொல்லி கேட்டிருக்கேன். அந்தக் கீழ்த்தளத்த காட்டுனப்ப ஏதோ சினிமா செட்டுன்னு எனக்குத் தோணவே இல்ல. நிலா, செவ்வாய்னு எங்க போனாலும் போல்ட் முடுக்கறதுக்கு ஒருத்தன் வேணும், அவனுக்கு என்ன கூலிங்கற கேள்விய ராக்கெட் கதைக்குள்ள இவ்வளவு பொறுமையா வெச்ச இன்னொரு சீரிஸ் எனக்குத் தெரியல. ரோலிங் மில்லுல நின்ன மனுஷன், உங்க அப்பாவுக்கு நீங்க ஒண்ணும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்காது. ஒரு எபிசோடும் விடாதீங்க.

கன்னங்குறிச்சி நூலகம்

அப்பாவுக்காக நெசக் கதை கொஞ்சம் எழுதறேன், பாக்கும்போது நடுவுல சொல்லலாம்.

சீரிஸ்ல 1969 ஜூன்ல ரஷ்யாக்காரன் அலெக்சி லியோனோவ் முதல்ல நிலாவுல கால் வெக்கறாரு. லியோனோவ் நெசமான ஆளு, 1965 மார்ச்ல விண்கலத்த விட்டு வெளிய வந்து மிதந்த முதல் மனுஷன் அவருதான். இந்த சீரிஸ் 2019 நவம்பர் 1ல வந்துச்சு, அவரு அதுக்கு மூணு வாரம் முன்னாடி அக்டோபர் 11ல காலமானாரு. நெச உலகத்துல ரஷ்யாவோட ராக்கெட் தலைமை வடிவமைப்பாளர் கொரோலேவ் 1966 ஜனவரில ஆபரேஷன்ல இறந்துட்டாரு, அவங்க நிலாவுக்குன்னு கட்டுன என்1 ராக்கெட் நாலு தடவை கிளப்பி நாலும் தோத்துச்சு. கொரோலேவ் சாகாம இருந்திருந்தாங்கற எடத்துலதான் இந்தக் கதை பிரியுதுன்னு இத உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான ரொனால்ட் டி. மூர் பேட்டியில சொல்லியிருக்காரு.

அப்புறம் நிலாவுல கெடைக்கற அந்தப் பனிக்கட்டி. சீரிஸ்ல 1971லயே விண்வெளி வீராங்கனை மோலி காப் நிலாவோட தென்துருவத்துல ஷேக்கிள்டன் பள்ளத்துக்குள்ள எறங்கி கண்டுபிடிக்கறா. நெசத்துல நிலாவுல தண்ணி இருக்கறதுக்கான அடையாளத்த கண்டது 2008ல போன நம்ம சந்திரயான்-1ல இருந்த நாசா கருவி, 2009ல அறிவிச்சாங்க.

இன்னொண்ணு, இது நம்ம பக்கத்துச் சேதி. விக்ரம் லேண்டரையும் ரோவரையும் தரையில சோதிச்சுப் பாக்க நிலா மண்ணு மாதிரி மண்ணு வேணும்ல, அதுக்கு அனார்தோசைட் பாறை எடுத்தது நாமக்கல் மாவட்டத்துல சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்கள்ல இருந்து, நம்ம பெரியார் பல்கலைக்கழக புவியியல் துறைதான் அதுல கூட நின்னுச்சு. ஜேம்ஸ்டவுன்ல அவங்க மண்ண அள்ளும்போது அப்பாகிட்ட சொல்லிப் பாருங்க.

மூடுபனி (ஏற்காடு)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சித்தம்பூண்டி சேதிய படிச்சுக் காட்டுனேன், அப்பா ஒரு நாள் நேர்ல போய் அந்தப் பாறைய பாக்கணும்ங்கறாரு, ஞாயித்துக்கிழமை போலாம்னு இருக்கோம். பேரு ஓடுனதுக்கப்புறம் வர்ற அந்தக் கடல் சீன நாங்க பாக்கவே இல்லக்கா, இன்னைக்கு ராத்திரி அதுல இருந்து தொடங்கறோம். செவ்வாப்பேட்டை அண்ணா, டவுன்லோடுக்கு சித்தி வீடு அழகாபுரத்துல இருக்கு, சனிக்கிழமை சந்தைக்கு எறங்கும்போது போட்டுக்கறேன். எதையும் தள்ளி விடறதா இல்ல, 30ம் பாக்கறோம்.

ஒரே ஒரு சந்தேகம், இதே கதைய ரஷ்யா பக்கம் இருந்து சொல்ற ஸ்டார் சிட்டின்னு தனி சீரிஸ் அறிவிச்சாங்களே, அத நடுவுல சேத்துப் பாக்கணுமா?

செவ்வாப்பேட்டைக்காரன்

வேண்டாங்க, அது தனிக் கதை, ரஷ்யாக்காரங்க முதல்ல எறங்குன காலத்துக்கே திரும்பப் போறது. நீங்க நாலு சீசனையும் முடிச்சு அஞ்சாவதையும் புடிச்சதுக்கப்புறம் நிதானமா அதுக்குப் போலாம்.