பருத்திப்பால் குடிக்கலாமா? கொட்டை எல்லாம் இப்போது பிடி (Bt, மரபணு மாற்றிய) பருத்திதானே?

மதுரைக்காரி:
வணக்கம் மக்களே. சாயங்காலம் தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் குடிப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம், பிள்ளைகளுக்கும் கொடுப்போம். நேற்று கொழுந்தனார் வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பியிருந்தார்: இந்தியாவில் விளையும் பருத்தி எல்லாம் மரபணு மாற்றியது, கொட்டையிலேயே பூச்சியைக் கொல்லும் விஷம் இருக்கிறது, புழு சாகிறது என்றால் பிள்ளை மட்டும் பிழைக்குமா என்று. கூடவே உடம்பெல்லாம் கட்டி வந்த எலிகளின் படம் வேறு. மாமியார் "காலங்காலமா குடிக்கிறோம், போடா" என்று சொல்லிவிட்டார். அம்மா வீட்டில் மாட்டுக்கும் பருத்திக்கொட்டைதான் ஆட்டி வைக்கிறார்கள். இதில் எது நிஜம்? அப்புறம் சந்தையில் வாங்கும் தக்காளி, விதையில்லாத திராட்சை, ரெட் லேடி பப்பாளி இதெல்லாமும் மரபணு மாற்றியதா? சண்டை போடாமல் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வகப்பூனை:
கடைசிக் கேள்விக்கு முதலில். இந்தியாவில் பயிரிட்டு விற்க அனுமதி பெற்ற மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். தக்காளி ஒட்டுரகமாக இருக்கலாம், விதையில்லாத திராட்சை பழைய ரகம், ரெட் லேடி தைவானிலிருந்து வந்த வீரிய ஒட்டு. நிஜமாகவே மரபணு மாற்றிய பப்பாளி ஹவாயில் இருக்கிறது, வளையப்புள்ளி வைரஸ் தோட்டங்களையே அழித்தபோது 1998-இல் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள், அந்தத் தீவின் பப்பாளித் தொழிலைக் காப்பாற்றியதே அதுதான்.

இனி கொட்டை. பிடி என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ். அதன் மரபணுவை உள்ளே வைத்ததுதான் பிடி பருத்தி. அது உண்டாக்கும் புரதம் காய்ப்புழுவின் குடலுக்குள் போனால், அங்கே இருக்கும் காரத்தன்மையில் கரைந்து, குடல் சுவரில் அதற்கென்றே இருக்கும் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு ஓட்டை போடும். நமக்கு இரைப்பையில் அமிலம், அந்த ஏற்பிகளும் கிடையாது, அதனால் மற்றப் புரதம் போலச் செரித்துவிடும். பருத்திப்பாலைக் கொதிக்கவும் வைக்கிறோம், கொதியில் அந்தப் புரதம் உருக்குலைந்துவிடும். இயற்கை விவசாயிகள் தெளிக்கும் பிடி மருந்தும் இதே பாக்டீரியாதான், 1930களிலிருந்தே கடையில் இருக்கிறது. எலிப் படம் 2012-இல் பிரான்சில் செராலினி குழு செய்த ஆய்விலிருந்து வந்தது. வயதாக ஆகத் தானாகவே கட்டி வரும் இனத்து எலி, அதையும் குழுவுக்குப் பத்து மட்டும் வைத்து நடத்தினார்கள், மறுவருடமே அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதோடு அது பருத்தியே இல்லை, களைக்கொல்லி தாங்கும் மக்காச்சோளம்.

ஆனால் பருத்திக்கொட்டையில் பயப்பட ஒன்று இருக்கத்தான் செய்கிறது, யாரும் அதை ஃபார்வர்டு செய்வதில்லை. காசிபால். கொட்டையை உடைத்துப் பாருங்கள், பருப்பில் சின்னச் சின்னக் கருப்புப் புள்ளிகள் தெரியும், அவைதான். பூச்சியிடமிருந்து தப்பிக்கப் பருத்திச் செடி தானாகவே வைத்துக்கொண்ட நஞ்சு அது. சீனாவில் 1970களில் இதை ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாகவே சோதித்தார்கள், சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தது, சிலருக்கு விந்தணு திரும்ப வரவே இல்லை, அதனால் கைவிட்டார்கள். மாட்டுக்கு அசைபோடும் வயிறு இருப்பதால் ஓரளவு தாங்கும். கோழிக்கும் பன்றிக்கும் ஆகாது, இளங்கன்றுக்கும் கொடுக்க வேண்டாம். எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது காசிபால் போய்விடும், கொதிக்க வைத்தால் ஒரு பகுதி செயலிழக்கும். எப்போதாவது ஒரு டம்ளர் குடிப்பதை நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன், தினமும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைச் செய்ய மாட்டேன். இதில் வேடிக்கை என்னவென்றால், கொட்டையில் மட்டும் காசிபால் மிகக் குறைவான பருத்தியை டெக்சாஸில் கீர்த்தி ரத்தோர் என்ற விஞ்ஞானி உருவாக்கியிருக்கிறார், அதுவும் மரபணு மாற்றித்தான். அமெரிக்க அரசு 2018-இல் பயிரிடவும் 2019-இல் உணவாகவும் அனுமதித்தது.

மானாவாரி:
பெரம்பலூர் பக்கம் பருத்தி போடுகிறவன். நீங்கள் எல்லாம் டம்ளரைப் பார்த்துப் பேசுகிறீர்கள், ஆபத்து காட்டில் இருக்கிறது.

தொண்ணூறுகளில் பச்சைக் காய்ப்புழு வந்தால் என்ன பாடு என்று இப்போதைய பையன்களுக்குத் தெரியாது. மோனோகுரோட்டோபாஸ், எண்டோசல்பான், எதையும் எதோடும் கலந்து அடிப்போம், புழு மருந்திலேயே நீந்தும். 2002-இல் பிடி வந்ததும் அந்தப் புழு ஒழிந்த மாதிரியே ஆனது, நாட்டு அளவில் எக்டருக்கு 300 கிலோ அளவில் கிடந்த பஞ்சு மகசூல் 2007-08 வாக்கில் 550 கிலோவைத் தொட்டது. நல்ல மழை, புது ஒட்டுரகங்கள், கூடுதல் உரம் எல்லாம் அதில் சேர்த்தி, பிடி மட்டும் இல்லை, ஆனால் மருந்துச் செலவு குறைந்ததை நான் மறுக்க மாட்டேன். சும்மா ஒப்புக்கு எதிர்க்கிறவர்கள் அந்த நாட்களில் டேங்க்கைத் தோளில் மாட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் வந்தது இளஞ்சிவப்புக் காய்ப்புழு. குஜராத்தில் முதல் பிடியைத் தாங்கியது, 2006-இலேயே இரண்டு மரபணு வைத்த அடுத்த பிடி வந்திருந்தது, வந்த பத்து வருடத்துக்குள் அதையும் தாங்கிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் காய் ஜோராக இருக்கும், உடைத்தால் உள்ளே கறை பிடித்த பஞ்சு, இரண்டு கொட்டையைச் சேர்த்துக் கட்டியிருக்கும் புழு. ஏன் இப்படி? 450 கிராம் பிடி விதையோடு 120 கிராம் சாதா விதை தனிப் பொட்டலமாக வந்தது, சுற்றி ஓரத்தில் போட வேண்டும், அதில் வளரும், பிடிக்குப் பழகாத அந்துப்பூச்சி வந்து மற்றதோடு இணைசேர்ந்தால் எதிர்ப்பு பரவாது. யார் போட்டார்கள்? விற்றவரே "அதைத் தூக்கிப் போடுங்க" என்பார். இன்னொன்று, மற்ற நாடுகளில் பிடியைச் சாதா ரகங்களில் வைத்தார்கள், இங்கே மட்டும் அநேகமாக எல்லாமே வீரிய ஒட்டு. வருடா வருடம் விதை வாங்க வேண்டும், கம்பெனிக்கு லாபம். ஒட்டுச்செடியின் காய்க்குள் சில கொட்டையில் இரண்டு மரபணுவும் இருக்கும், சிலதில் ஒன்று, சிலதில் ஒன்றுமே இருக்காது, புழு பழகிக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேண்டுமா? போதாததற்கு ஆறு மாதத்துக்கு மேலும் செடியை விட்டு வைக்கிறோம், அது தின்றுகொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் அதே புழுவை அதே பிடியை வைத்து, மலட்டு அந்துப்பூச்சியையும் பறக்கவிட்டு, 2018-இல் அடியோடு ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள்.

நாட்டுவிதை:
@ஆய்வகப்பூனை, சரி, புரதம் செரிக்கும், ஒத்துக்கொள்கிறேன். என் கேள்வி வேறு. பிடி கத்தரிக்காய்க்கு 2009-இல் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2, எம்டியு 1 ரகங்கள் எல்லாம் அந்த வரிசையில் இருந்தன. ஊர் ஊராகக் கூட்டம் போட்டு மக்களைக் கேட்ட பிறகு அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயராம் ரமேஷ் 2010 பிப்ரவரியில் நிறுத்தி வைத்தார். மரபணு மாற்றிய கடுகு உச்ச நீதிமன்றம் வரை போனது, 2024-இல் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு சொன்னார்கள். சாப்பிடும் பொருள் என்பதால் இவ்வளவு. ஆனால் பருத்தி துணி என்ற பெயரில் நுழைந்து, எண்ணெயாகவும் புண்ணாக்காகவும் பருத்திப்பாலாகவும் வீட்டுக்குள் வந்துவிட்டது, எந்தத் தள்ளுவண்டியிலும் இது பிடி கொட்டை என்று எழுதியிருக்கிறதா? ஆபத்து இல்லை என்றால் எழுதுவதில் என்ன கஷ்டம்?

ஆய்வகப்பூனை:
எழுதட்டும், எனக்கும் அதில் மறுப்பு இல்லை. ஆனால் எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பங்களாதேஷ் 2013-இல் பிடி கத்தரிக்கு அனுமதி கொடுத்தது, அங்கே காய்த்துளைப்பானுக்கு அடிக்கும் மருந்து குறைந்தது. நம் ஊரில் வாரம் இரண்டு தடவை மருந்து அடித்த கத்தரிக்காயை எந்த லேபிளும் இல்லாமல்தான் நாமும் வாங்கிக் குழம்பு வைக்கிறோம்.

நாட்டுவிதை:
அதற்கு மருந்தைக் குறைக்கும் வழியைப் பாருங்கள், விதையைக் கம்பெனியிடம் கொடுக்கும் வழியை இல்லை.

மானாவாரி:
சகோ, பங்களாதேஷில் அந்தக் கத்தரி அரசு நிறுவனத்தின் ரகம், ஒட்டு கிடையாது, விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம். பருத்தியிலும் அப்படிக் கொடுத்திருந்தால் எனக்குப் பாதிப் புகார் இல்லை.

மதுரைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. கருங்கண்ணிக் கொட்டையில் செய்தால் பிரச்சினை இல்லை என்று ஒருவர் தனிச்செய்தியில் சொன்னார், அது சரியா?

மானாவாரி:
கருங்கண்ணி நாட்டுப் பருத்தி அக்கா, அதில் பிடி கிடையாது. கோவில்பட்டி, விருதுநகர் கரிசலில் கொஞ்சம் பேர் இன்னும் போடுகிறார்கள், தேடிப் பிடிக்க வேண்டும். ஆனால் காசிபால் அதிலும் உண்டு, பூனையார் சொன்ன கணக்கு அதற்கும் பொருந்தும். எதில் செய்தாலும் விதைக்கடைப் பாக்கெட்டில் இருக்கும் கொட்டையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பூச்சிமருந்து பூசி நிறம் ஏற்றியிருப்பார்கள், அது விதைக்க மட்டும்தான், மாட்டுக்கும் வைக்கக் கூடாது.